தூக்கிய கை

சின்னப் பிள்ளைகள் முதன்முதலில் வரைகிற மனுஷனுக்கு உடம்பே இருக்காது. ஒரு வட்டம், அதற்குள் ரெண்டு புள்ளி, வட்டத்துக்குக் கீழே நேராக ரெண்டு கால். தலையிலிருந்தே கால் முளைத்துவிடும். வயிறு எங்கே, கழுத்து எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். கொல்லிமலைப் பிள்ளைகளும் அப்படித்தான் வரைந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் வரைந்த அப்பன்களுக்கு மட்டும் கை இருந்தது. அதுவும் வலது கை. சில சிலேட்டுகளில் அந்தக் கை காலைவிட நீளமாக இருந்தது.

வெள்ளைக்காரன் காலம் அது. மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து நடைதான். சேந்தமங்கலத்துப் பெரிய மனுஷர்கள் சிலர் சேர்ந்து மலைமேல் திருப்புலி நாட்டில் ஒரு புல்லுக் கொட்டகையைப் போட்டு, அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தார்கள். போன வாத்தியார்கள் எல்லாம் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். கடைசியில், எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைக் கேட்டார்கள். நான் உடனே சரி என்றேன். என் புருஷன் என் இடது மணிக்கட்டை முறித்து அனுப்பியிருந்தான். முள்ளுக்குறிச்சியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, அவன் எப்போது வந்து வாசலில் நிற்பானோ என்று பயந்துகொண்டிருந்தவள் நான். அவன் மூச்சு வாங்காமல் ஏற முடியாத இடம் என்றால் எனக்குப் போதும். "காச்சல் அவனை விடவா என்னை அடிச்சிரும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அழுதாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

மேலே வந்து பார்த்தால் அங்கேயும் அடிதான். பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டே அடிதடி. அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது ஜங்கிள் கார்டு விளையாட்டு. ஒருவன் காட்டைக் காக்கிற கார்டு, இன்னொருவன் காட்டில் விறகு வெட்டி மாட்டிக்கொண்டவன். மாட்டியவனைத் தூணில் கட்டி விளாரால் வீசுவார்கள். கட்டப்பட்டவன் "சாமி, சாமி" என்று கத்தவேண்டும். சரியாகக் கத்தாவிட்டால் விளையாட்டு செல்லாது என்று மறுபடியும் அடி. கொட்டகைக்குப் பின்னால் இப்படி ஒருவன் முதுகில் ரத்தம் வருகிற வரைக்கும் விளையாடியதைப் பார்த்துவிட்டு, கார்டாக இருந்தவனை நான் ஒரு அறை அறைந்தேன். அவன் அழவே இல்லை. வாத்தியாரம்மா இப்போதுதான் ஆட்டத்துக்குள் வந்திருக்கிறாள் என்பதுபோல என்னைப் பார்த்தான். அன்றைக்குப் பிறகு கையை ஓங்குவதை விட்டேன். எழுத்தையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்தேன். முதலில் இவர்களுக்கு மனுஷன் என்றால் என்னவென்று காட்டவேண்டும் என்று தோன்றிவிட்டது.

"உன் கழுத்தைத் தொடு கண்ணு. இப்பத் தோளைத் தொடு. கை எங்கிருந்து தொங்குது, காதுலிருந்தா?" என்று கேட்டால் எல்லாம் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு கெக்கலிக்கும். முழங்கையை மடக்கச் சொல்வேன். மடங்குகிற இடத்தில் சிலேட்டில் ஒரு சுழி போடச் சொல்வேன். ஒருத்தனை நடுவில் நிற்கவைத்து, மற்றவர்கள் அவன் தலை முதல் கால் வரைக்கும் விரலால் காற்றில் கோடு இழுப்பார்கள். கொஞ்ச நாளில் சிலேட்டு மனுஷர்களுக்கு வயிறு வந்தது, கழுத்து வந்தது. அப்புறம் ஓடைக்கரைச் சிவப்பு மண்ணைக் குழைத்துக் கையில் கொடுத்தேன். கோடு போடத் தடுமாறியவன்கூட மண்ணில் கெட்டிக்காரனாகிவிட்டான். உருட்டினால் தலை, நீட்டினால் கால். கிள்ளி இழுத்தால் மூக்கு. எனக்கும் அந்த மலையில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

அதில் ஒரு பெண் குழந்தை. பால் பல் இன்னும் விழவில்லை. மற்றவர்கள் யாரோ ஒரு மனுஷனைச் செய்வார்கள், இவள் இன்னாரைத்தான் செய்வாள். அப்பனைச் செய்தாள். அவள் அப்பனைக் கரடி அறைந்ததில் ஒரு காது பாதிதான் மிச்சம். இவள் பொம்மைக்கும் ஒரு காதை ஈர்க்குச்சியால் அளவாக அறுத்தாள். ஒரு தோள் இறங்கி, ஒரு தோள் ஏறி இருக்கும் அவனுக்கு, அதையும் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் கை மட்டும் நிற்கவில்லை. தலைக்கு மேலே ஓங்கினபடி வைப்பாள், ஈர மண் கனம் தாங்காமல் பொத்தென்று விழும். எடுத்து மறுபடி ஒட்டுவாள். மறுபடி விழும்.

"கையைக் கீழ உடு கண்ணு. தொங்க உட்டா நிக்கும்" என்றேன்.

"எங்கப்பன் கை கீழ இருக்காதுங்க."

"தூங்கறப்பக் கூடவா?"

கொஞ்சம் யோசித்தாள். "தூங்கறப்ப நான் பாக்கறதில்லீங்க. கண்ணை மூடிக்குவேன்."

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். எப்போதாவது மடியில் கொஞ்சம் கொய்யாவோ மலைவாழையோ கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மூடியபடிதான் பேசுவாள். ஒரு நாள் இடது கன்னம், ஒரு நாள் வலது கன்னம்.

மறுநாள் அந்தக் குழந்தை வேலியிலிருந்து காரை முள்ளை ஒடித்து எடுத்துக்கொண்டு வந்தது. நீட்டமான, நேரான முள். ஓங்கின கையைத் தோளில் வைத்து, முள்ளை ஊடே சொருகினாள். கை நின்றது! இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது, அங்கேயும் ஒரு முள். அதன் நுனி வயிற்றில் இடது பக்கமாகக் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் பார்த்தார்கள். அவ்வளவுதான், வேலி முள் எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டது. அப்பன், ஆயா, பூசாரி, ஊர்க்கவுண்டர் எல்லாரும் முள் தாங்கி நின்றார்கள். சுவரோரப் பலகையில் ஊரே காய்ந்துகொண்டிருந்தது.

முள் குத்திய மண் பொம்மை என்றால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். ஆகாதவனைப் போல ஒரு உருவம் பிடித்து, எங்கே வலி வரவேண்டுமோ அங்கே முள்ளைக் குத்தி, அவன் வீட்டுக்குள் ஒளித்து வைப்பது. அடிவாரத்திலும் இது உண்டு, எனக்கும் தெரியும். பால் மணம் மாறாத பிள்ளை கை ஒட்டுவதற்குக் குத்திய முள்ளையும் செய்வினைக்காரன் குத்திய முள்ளையும் ஒன்று என்று நினைக்கிறவனுக்கு நான் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று இருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குழந்தை தன் அப்பனைப் பாவாடையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியது. அம்மாவுக்கு முள் மட்டும்தான் கண்ணில் பட்டது. உடைத்துப்போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ஆனால் அப்படி ஒரு உருவத்தை உடைத்தால் உருவத்துக்கு உரியவன் செத்துப்போவான், தண்ணீரில் கரைத்தால் உடம்பு கரைந்து சாவான் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். தன்னைத் தினமும் அடிக்கிறவன் செத்துவிடக் கூடாதே என்று பயந்து, அவள் அந்தப் பொம்மையைப் பழந்துணியில் பொதிந்து, சாமை கொட்டிவைக்கிற மண் குதிருக்குள் பத்திரமாக வைத்தாள்.

குழந்தையின் அப்பனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்ததில் இடது விலாவுக்குக் கீழே கட்டி இறங்கியிருந்தது. மலையில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டி உண்டு. அந்த மழைக்காலத்தில் வலி அதிகமாகி, ஒரு குறிகாரனைக் கூட்டிவந்து உடுக்கை அடிக்கவைத்தான். "உன் கூரைக்குக் கீழயே உன்னைக் குத்தி வெச்சிருக்குது" என்று குறிகாரன் சொல்லிவிட்டுப் போனான். அப்பன் வீட்டைக் குடைந்தான். பானையை எல்லாம் உடைத்தான். கடைசியில் சாமைக் குதிரைக் கவிழ்த்தான். துணிப்பொதி வந்து விழுந்தது.

காலையில் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

"எங்கம்மாளை மரத்துல கட்டிப்போட்டுட்டாங்க. பல்லைத் தட்டப் போறாங்களாம்."

செய்வினைக்காரி என்று முடிவானால் முன்பல்லைத் தட்டிவிடுவார்கள். பல் போனால் மந்திரம் வாயில் நிற்காதாம். கல்லால் தட்டுவார்கள். தட்டின பிறகு சீழ் வைத்துச் செத்தவர்களும் உண்டு. நான் துடைப்பத்தைக் கூடக் கீழே போடாமல் ஓடினேன்.

கோயிலுக்கு எதிரில் பலா மரம். அதில் அவளை நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முடியைப் பிடித்து இழுத்து வந்ததில் நெற்றியோரம் பிய்ந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் புளிய விளார் விழுந்த தடம் ரவிக்கை இல்லாத உடம்பில் வரி வரியாகத் தெரிந்தது. எதிரே அவள் புருஷன் நின்றான். கையில் உள்ளங்கை அளவு கருங்கல். ஊர்க்கவுண்டர் கல்மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் வாழை இலை, அதன் மேல் பொம்மை. தொடப் பயந்து இலையோடு ஏந்தி வந்திருக்கிறார்கள்.

"பாருங்க சாமி, என் காது! என் கை! என் வவுத்துல முள்ளு!" என்று அவன் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அட, அது புள்ளைங்க வெளையாடற பொம்மைங்க" என்று கத்தினேன். "கை நிக்கோணும்னு முள்ளைச் சொருகுச்சுங்க. கொட்டகைல வந்து பாருங்க, ஊர்ல இருக்கற அத்தனை பேரும் இருக்கறாங்க."

கூட்டம் அடங்கிப்போயிற்று. நியாயம் புரிந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொருத்தனும் தானும் அங்கே இருக்கிறோமா, தனக்கு எங்கே குத்தியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் மெல்ல முழங்காலைத் தடவிக்கொண்டார்.

ஊர்க்கவுண்டர் இலையைப் பார்த்தபடியே கேட்டார். "ஏனுங்க வாத்தியாரம்மா, பச்சைப் புள்ளை ஒண்ணு இத்தனை அச்சாச் செய்யுமாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "செய்யுமுங்க. ஆத்தாக்காரி சொல்லிக் குடுத்திருந்தாச் செய்யும். அப்ப ரெண்டையும் சேத்துத் தட்டோணும்."

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையின் பக்கம் என்று சொல்லவேண்டும். அது ஒரு அடி முன்னால் வைத்தது. நாந்தான் செஞ்சேன் என்று சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டி அதன் வாயைப் பொத்தினேன். அது என் உள்ளங்கையைக் கடித்தது. நான் விடவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! என் புருஷன், அந்தக் கல், அந்த ஊர்க்கவுண்டரின் மரியாதையான குரல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்கு ஏறிவிட்டது.

"நாந்தான் செஞ்சேன்" என்றேன். "அவ குதிருக்குள்ள வெச்சவளும் நாந்தான். இங்க நிக்கற ஒவ்வொருத்தனையும் செஞ்சு வெச்சிருக்கேன்."

குழந்தையை விட்டுவிட்டுப் போய் இலையிலிருந்து பொம்மையை எடுத்தேன். ஒரு பெண் வீறிட்டாள். வயிற்றில் நீட்டியிருந்த முள் நுனியில் கட்டைவிரலை வைத்தேன்.

"இப்ப அவ வாயில அந்தக் கல்லை வெய்யி பாக்கலாம்."

அவன் அசையவில்லை. நான் முள்ளைத் திருகினேன். நிஜத்தில் முக்கால்வாசி பாவனைதான். காய்ந்த மண், கொஞ்சம் அழுத்தினால் பொம்மை ரெண்டாகிவிடும். ஆனால் அவன் "ஐயோ" என்று ஒரு அலறல் போட்டான். இடது விலாவைப் பிடித்துக்கொண்டு மடங்கி, கல்லை விட்டு, மண்ணில் விழுந்து புரண்டான். வாயில் நுரை தள்ளியது. அவன் அலறினது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கமாட்டேன். இன்னொரு சுற்றுத் திருகினேன். இன்னும் உரக்க அலறினான்.

"அவுத்து உடுங்க அவளை" என்றேன்.

அவிழ்த்துவிட்டார்கள். அவள் கீழே உட்கார்ந்தாள். அவள் என்னையும் பயந்துதான் பார்த்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க கீழ எறங்கிருங்க தாயி. அதை மட்டும் ஒடைச்சுராதீங்க."

"ஒடைக்க மாட்டேன். ஆனா இவன் அவளையோ புள்ளையையோ தொட்டான்னு காதுல விழுந்துச்சு, சேந்தமங்கலத்துல இருந்துக்கிட்டே திருகுவேன்." இதை அவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் மண்ணில் கிடந்தபடி தலையை ஆட்டினான்.

கொட்டகைக்குத் திரும்பியபோது ஊர் எனக்கு முன்னால் வந்திருந்தது. பலகையில் இருந்த தங்கள் தங்கள் பொம்மையை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டையும் பெண்டாட்டியையும் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிக்கிற ஆண்கள், ஆளுக்கொரு மண் பொம்மையை வேட்டி நுனியில் ஏந்தி, பிறந்த குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி, கால் இடறாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடைசி ஆள் தன்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கூரைக்குத் தீ வைத்தார்கள். புல்லுக் கூரை, மழை ஈரத்தில் புகைந்து புகைந்து எரிந்தது. சிலேட்டுகள் உள்ளே வெடிக்கிற சத்தம் கேட்டது.

பெட்டி உள்ளேயே எரிந்துபோயிற்று. கட்டின சேலையும் கையில் பொம்மையுமாக நடந்தேன். மேட்டில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், பின்னால் தாய்மார்கள். பெரியவர்களுக்கு என் மேல் கல்லெறியத் தைரியம் இல்லை. பிள்ளைகளை எறியச் சொன்னார்கள். எறிந்தார்கள். தோள் எங்கே, முழங்கை எங்கே என்று நான் தொட்டுக் காட்டிய கைகள்தான். ஜங்கிள் கார்டாக இருந்து என்னிடம் அறை வாங்கியவன் குறி பார்த்து வீசினான். வாயில் பட்டது. முன்பல் ஒன்று பாதியாக ஒடிந்து நாக்கில் விழுந்தது. பொம்மையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு ஓடினேன். அது உடைந்தால் குழந்தையின் அம்மாவுக்கு இருக்கிற காவலும் போய்விடும்.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், பாறை மறைவில் அந்தக் குழந்தை நின்றது. குறுக்கு வழியாக வந்திருக்கிறது. காலெல்லாம் முள் கீறல்.

"எங்கப்பனைக் குடுங்க" என்றது.

"ஒடைச்சிராத கண்ணு. ஒடைச்சா உங்கம்மாளுக்குத்தான் ஆபத்து."

"ஒடைக்க மாட்டேனுங்க."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தது. செய்தவள் பார்க்கிற பார்வை. பிறகு இடது கையால் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள்ளைப் பல்லால் கவ்வி மெதுவாக உருவியது. ஓங்கின கை முழுசாகத் தனியே வந்தது. ஒரு பொடி மண்கூட உதிரவில்லை. அந்தக் கையைப் பாவாடை முடிச்சுக்குள் சொருகிக்கொண்டு பொம்மையை என்னிடம் நீட்டியது.

"இது எனக்குப் போதுமுங்க. மிச்சம் நீங்க வெச்சுக்கங்க. நான் வாரேன்."

திரும்பி மேலே ஓடிவிட்டது. நான் நின்று பார்த்தேன், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பல வருஷம் கழித்துச் சேந்தமங்கலம் சந்தையில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முந்தானை தோளில் இருந்தது, கன்னம் ரெண்டும் வெளியே தெரிந்தது. அவள் என் ஒடிந்த பல்லைப் பார்த்துக் கண் கலங்கினாள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்காருங்க. கொரலு இன்னும் ஒசருமுங்க." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "ஒசந்தா எம்புள்ளை ஒண்ணும் பேசாதுங்க. எந்திரிச்சு நின்னு இடுப்பு முடிச்சுல கையை வெக்குமுங்க. அவரு உக்காந்துக்குவாருங்க."

சொல்லிவிட்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.